மண்டபம் ஊரில் ஒரு திரையிடல்: உதவி வேண்டும்

தோழர்களே, வணக்கம். மும்பையில் 2010 முதல் ஆண்டுதோறும் காஷிஷ் பால்புதுமையர் திரைப்பட விழா நடக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துத் திருநங்கைகளுக்கும் தன்பாலீர்ப்புள்ள தம்பிகளுக்கும் அவ்வளவு தூரம் போய்வர வசதியில்லை. அதனால் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரிலேயே ஒரு மாலை குறும்படங்கள் போட்டு, அப்புறம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்று நினைக்கிறோம்.

ஏப்ரல் 15 திருநங்கையர் தினம். மீன்பிடித் தடைக்காலமும் அன்றுதான் தொடங்குகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பா அண்ணன்மாரும் வீட்டில் இருப்பார்கள். குடும்பத்தோடு வர இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ப்ரொஜெக்டர் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? அதைவிட முக்கியம், தமிழில் பேசும் படங்கள், இல்லாவிட்டால் தமிழ் சப்டைட்டில் உள்ளவை. ஆங்கில எழுத்து ஓடினால் எங்கள் அம்மாக்களுக்குப் புரியாது. இயக்குநர்களிடம் அனுமதி வாங்கிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள். வருகிறவர்களின் பாதுகாப்புக்காக, விவரங்களைத் தனிச்செய்தியில் மட்டும் பேசுவோம்.