மழைக்குத் தண்ணீர் நிற்கும் தோட்டத்து மைதானம்: எங்கே தொடங்கலாம்?

கேள்வி (இலங்கை மலையகம், பொகவந்தலாவைப் பக்கம், இளைஞர் கழகம்)

எங்கள் தோட்டத்துக்கு ஒரே மைதானம்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே, ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை மேட்டோரம் கணுக்கால் அளவு சேறு. அதிலேயே டிரக்டரைத் திருப்புகிறார்கள். காய்ந்ததும் சில்லுத் தடம் கல்லாக இறுகிவிடும். உதைபந்து விளையாடும்போது ஒரு தம்பி அதில் கால் பிசகி விழுந்தான், இன்னும் நொண்டுகிறான்.

லெதர் பந்து தேயிலைக்குள் போனால் பையன்கள் கூட்டமாக இறங்கி வாதுகளை முறிக்கிறார்கள். வாச்சர் (காவலாளி) முறையிட்டு, தோட்டத்துத் துரை (மேலாளர்) விளையாட்டையே நிறுத்தச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் வலைப்பந்துக்கு இடம் கேட்கிறார்கள். கூட்டம் போட்டால் யார் குற்றம் என்று பேசியே இரவாகிவிடுகிறது. நோர்வூட் மைதானம் மாதிரி பெரிதாக ஒன்று எங்களுக்கு வேண்டாம். பிள்ளைகள் விழாமல் ஓடினால் போதும். பணம் குறைவு, ஆள் பலம் உண்டு. எதை முதலில் செய்யலாம்?

பதில் (மஸ்கெலியா, ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்)

தம்பி, மண் கொட்டி நிரப்பு என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மேட்டுத் தண்ணீரைத் திருப்பாமல் எத்தனை லோட் போட்டாலும் அடுத்த மழைக்கு அதுவும் சேறுதான். நல்ல மழையில் குடையோடு போய், தண்ணீர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். அப்புறம் மேட்டடியிலிருந்து இரண்டடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் கான் (வடிகால்) வெட்டுங்கள். அடியை ஒட்டி வெட்டினால் மேடு சரியும். வாட்டம் மெதுவாக இருக்கட்டும், இடையிடையே மண் தங்கக் குழி விடுங்கள். குழியில் சேரும் மண்ணை வாரிச் சில்லுத் தடத்தில் போட்டு இடிக்கலாம். கான் முடியும் இடம் ஓடையாக இருக்க வேண்டும், லயத்து (வரிசை வீட்டு) வாசலாக இருந்தால் புதுச் சண்டை.

மைதானத்தை அகலமாக்க மேட்டைச் செதுக்கும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். நம் நுவரெலியா மாவட்டத்தில் மண்சரிவு விளையாட்டல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்காமல் மேட்டில் கை வைக்காதீர்கள். மேட்டு முகத்தில் வெட்டிவேர் நடுங்கள், வேர் பத்தடி வரை நேரே இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

பதில் (கொட்டகலை, முன்னாள் வலைப்பந்து வீராங்கனை)

தங்கச்சிமாருக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்காதீர்கள். பையன்கள் முடிக்கும்போது இருட்டிவிடும், எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார். எங்கள் தோட்டத்தில் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெண்களுக்கு என்று எழுதி மடுவத்துச் சுவரில் ஒட்டினோம். கொழுந்து நிறுக்க வரும் அம்மாமார் அதைப் பார்த்துப் பார்த்து, நாள் தவறினால் அவர்களே பையன்களைத் தட்டிக் கேட்டார்கள். வலைப்பந்துக்கு 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம் போதும். மேட்டோரம் காய்ந்தால் அங்கேயே ஒரு மூலை கிடைக்கும். சிரமதானத்துக்கு மட்டுமல்ல, கூட்டத்துக்கும் தங்கச்சிமாரைக் கூப்பிடுங்கள்.

பதில் (ஹட்டன், உள்ளூராட்சி வேலையில் இருப்பவர்)

நிலம் தோட்டக் கம்பனியின் குத்தகையில் இருக்கும், ஆகவே நிருவாகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் யாரும் காசு ஒதுக்க மாட்டார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டத்துக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. "தோட்டத்துக்குச் சபை செலவழிக்க முடியாது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். கழகம் பதிவாகியிருந்தால் பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரையும் பாருங்கள்.

அதற்கு முன்பு தேயிலைப் பக்கம் வலை கட்டிவிடுங்கள். பந்து உள்ளே போனால் ஒரே ஆள், நிரைக்கு நடுவே நடந்து போய் எடுக்க வேண்டும் என்று கழகத்தில் முடிவெடுங்கள். அதோடு போய்ப் பேசினால் துரை கேட்பார். டிரக்டர் திரும்ப வேறு இடத்தையும் நீங்களே காட்டிக் கொடுங்கள்.

கேட்டவர்

ஐயா, அக்கா, அண்ணன், மூவருக்கும் நன்றி. மடுவத்துக்கு மேலே வளைவில் டிரக்டர் திரும்ப இடம் இருக்கிறது, யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வலையும் கானும் தொடங்குகிறோம். பெண்களின் நாளை அவர்களையே சொல்லச் சொல்லியிருக்கிறேன். வெட்டிவேர் நாற்று இந்தப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.