கலைச்சொல்: ‘ஓவுலேஷன்’ – அண்டவிடுப்பா, சூலுதிர்வா, முட்டை வெளியேற்றமா?

குழுவினருக்கு வணக்கம். கருத்தரிக்க ஏற்ற நாளைக் காட்டும் சிறுநீர்ச் சோதனைப் பட்டைக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெண்ணின் உடலில் முட்டை வெளிப்படுவதைக் குறிக்கும் ‘ஓவுலேஷன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘அண்டவிடுப்பு’, ‘கருமுட்டை வெளிப்படுதல்’ இரண்டும் புழக்கத்தில் உள்ளன. எதை வைக்கலாம்?

———

விந்தணு சேர்ந்த பிறகே கரு. சேராத முட்டையைக் ‘கருமுட்டை’ என்பது பிழை. ‘அண்டம்’ வடசொல்; ‘விடுப்பு’ என்றால் அலுவலக விடுப்புதான் நினைவுக்கு வரும். முட்டை உருவாகும் உறுப்புக்குச் (ஓவரி) ‘சூலகம்’ நிலைத்துவிட்டது. அதே வேரில் ‘சூலுதிர்வு’ என்று முடிக்கலாம். முற்றியது உதிர்கிறது, அவ்வளவே.

———

ஐயா, ‘சூலுதிர்வு’ என்று படிக்கும் பெண் கருச்சிதைவு என்றே எடுத்துக்கொள்வாள். போதாததற்கு ‘உதிரப்போக்கு’ என்ற சொல்லும் அருகிலேயே நிற்கிறது. மாதவிடாயில் உதிர்வது கருப்பையின் உட்படலம், இது அதுவல்ல.

நடப்பதைப் பாருங்கள். சூலகத்தில் முட்டையைத் தாங்கிய ஒரு நுண்பை 18 முதல் 24 மி.மீ. வரை வளர்கிறது. அது சுரக்கும் எஸ்ட்ரடியால் என்ற ஹார்மோன் இரண்டு நாள் உச்சத்தில் நின்றால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. அந்த ஏற்றம் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் நுண்பையின் சுவர் நைந்து பிளந்து முட்டை வெளியே வருகிறது. பட்டை காட்டுவது ஏற்றத்தை மட்டுமே. சில மாதவிடாய்ச் சுழற்சிகளில் ஏற்றம் வந்தும் நுண்பை பிளக்காது. பிசிஓஎஸ் என்ற சூலகக் கோளாறு உள்ளவர்களில் பலருக்கு எல்ஹெச் இயல்பாகவே உயர்ந்திருப்பதால் பட்டை பல நாள் அழுத்தமான கோடு காட்டி ஏமாற்றும். எனவே ‘எல்ஹெச் ஏற்றம்’ ஒரு சொல், ‘முட்டை வெளியேற்றம்’ இன்னொரு சொல். இரண்டையும் குழப்பினால் கையேடே பயனற்றது.

———

‘வெளியேற்றம்’ பிறவினை. முட்டை தானே வருகிறதென்றால் ‘வெளியேறல்’ அல்லவா? கழிவையும் குடியிருப்போரையும்தான் வெளியேற்றுவோம். மேலும், வெறும் ‘முட்டை’ என்றால் கோழிமுட்டைதான். சூல், சினை என்று இரண்டு நல்ல சொல் இருக்க ஏன் இந்த வறுமை? தொல்காப்பியத்தில் சினை உறுப்பையும் குறிக்கும். ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ என்று அதன் கற்பியல், பூப்பு (மாதவிடாய்) தோன்றிய பன்னிரண்டு நாளைக் கணவன் பிரிந்திருக்கக் கூடாத காலமாக எண்ணியே சொல்கிறது!

———

சூலி என்றால் கர்ப்பிணி. சினைப்பசு என்றால் கன்றைச் சுமக்கும் பசு. கருமுட்டைக்குச் சொன்ன குற்றம் இரண்டுக்கும் பொருந்தும், ஐயா. கற்பியல் ‘பூப்பு’ என்ற சொல்லுக்குச் சான்று, நாள்கணக்குக்கு அல்ல. 28 நாள் சுழற்சியில் கருத்தரிப்புக் காலம் ஏறத்தாழ 9 முதல் 14ஆம் நாள் வரை. ஈராறு நாளோடு நிறுத்தினால் அதன் கடைசி இரண்டு நாள் விடுபடும். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும், முட்டை ஒரு நாள்தான்.

நுண்பையையும் முட்டையையும் ஒரே சொல்லில் அடைக்கவும் வேண்டாம். 1672இல் டச்சு மருத்துவர் டி கிராஃப் நுண்பையையே முட்டை என்று எண்ணினார். உள்ளிருக்கும் முட்டையைக் கருவியல் அறிஞர் வான் பேர் கண்டது 1827இல்.

———

பிறவினையே சரி. நுண்பைதான் வெளியேற்றுகிறது, முட்டைக்குச் சொந்த அசைவு கிடையாது. வகுப்பிலும் இதைச் சொன்னால் உடனே பிடிபடும்.

வரைவில் ஒரு பிழை: ‘மாதவிடாய் முடிந்து 14ஆம் நாள்’ என்றிருக்கிறது. இரத்தப்போக்கு தொடங்கிய நாளே முதல் நாள். அதிலும் 14 எல்லோருக்கும் பொருந்தாது. முட்டை வந்த பிறகான பின்பாதிதான் பெரும்பாலும் 12 முதல் 14 நாள். நீள்வதும் குறைவதும் முன்பாதி. 35 நாள் சுழற்சியென்றால் 21ஆம் நாளை ஒட்டி எதிர்பார்க்க வேண்டும்.

———

நன்றி. நாள்கணக்கைத் திருத்திவிட்டேன். பெரும்பாலோர் ‘முட்டை வெளியேற்றம்’ என்கிறீர்கள், அதையே இடுகிறேன். முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘ஓவுலேஷன்’.

———

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் சொல்லடைவில் ‘சூல்முட்டை’யையும் சேருங்கள். சூலகம் இருக்கும்வரை அதன் முட்டைக்கு அந்தப் பெயர் உரியதே. முட்டை வெளியேறிய பின் நுண்பை மாறும் ‘கார்பஸ் லூட்டிய’த்துக்கு ‘மஞ்சள் உடலம்’ போதுமா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.