நிறுவனர் விலகும் ஆண்டிலேயே பணியின் திசையையும் மாற்றலாமா?

கேள்வி: களநிலா

20 ஆண்டுகளாக ஒரே நிறுவனரின் பொறுப்பில் நடக்கும் தொண்டு அமைப்பு. சம்பளத்தில் 25 பேர். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதுதான் முக்கிய வேலை. இன்னும் 12 மாதத்தில் நிறுவனர் பொறுப்பை ஒப்படைக்கிறார். உள்ளேயே இருக்கும் மூத்த ஒருங்கிணைப்பாளர் அடுத்த செயல் இயக்குநராக வரக்கூடும். நிறுவனர் அறங்காவலர் குழுவில் தொடர விரும்புகிறார். இதற்கிடையே, பள்ளியில் நடக்காத பாடத்தை மாலையில் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதா, பள்ளியையே ஒழுங்காக நடக்கவைக்க வேண்டாமா என்று களப்பணியாளர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இரண்டு மாற்றத்தையும் சேர்த்துச் செய்யலாமா? நிறுவனர் குழுவில் இருப்பது சரியா? கையில் இருக்கும் நிதி முழுக்க வகுப்புகளுக்கென்றே வந்தது, அதற்கு என்ன வழி?

பதில் 1: அறங்காவல்

நிறுவனர் உடனே குழுவுக்குள் வர வேண்டாம். குறைந்தது ஒரு வருடம் இடைவெளி விடுங்கள். அதன்பிறகும் புதிய இயக்குநரும் குழுத் தலைவரும் சேர்ந்து அழைத்தால் மட்டும் வரட்டும். இயக்குநரைக் கேள்வி கேட்பது, அவர் வேலையை மதிப்பிடுவது, சம்பளத்தை முடிவு செய்வது எல்லாம் குழுவின் வேலை. ஒரு பழைய மையத்தை மூடுவது பற்றித் தீர்மானம் வருகிறது என்று வையுங்கள். அதைத் தொடங்கியவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்குவார்கள்.

விதிவிலக்கு உண்டு. 1972இல் வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கிய ஃபஸ்லே ஹசன் ஆபெத், 2001இல் செயல் இயக்குநர் பதவியை விட்ட பிறகும் 2019 வரை தலைவராக இருந்தார். ஆனால் அது வலுவான இரண்டாம் கட்டத் தலைமை இருந்த பெரிய அமைப்பு. 25 பேர் வேலை செய்யும் இடத்தில் நிறுவனருக்கும் இயக்குநருக்கும் நடுவே இடைவெளி தானாக அமையாது, நாம்தான் ஏற்படுத்த வேண்டும்.

ஒப்படைப்பில் முதலில் எழுதவேண்டியது அதிகாரப் பட்டியல்: எவ்வளவு தொகை வரை இயக்குநர் தனியாகச் செலவு செய்யலாம், எதற்குப் பொருளாளர் கையெழுத்து வேண்டும், எது குழுவுக்குப் போக வேண்டும், ஆளெடுப்பதும் நீக்குவதும் யார் கையில். குழுக் கூட்டத்தில் நிறைவேற்றி மினிட்ஸில் ஏற்றுங்கள். அடுத்தது நன்கொடையாளர்கள். பெரிய கொடையாளர் ஒவ்வொருவருக்கும் மூன்று சந்திப்பு வையுங்கள். முதலாவதில் நிறுவனர் பேசுவார், புதியவர் அறிமுகமாவார். இரண்டாவதில் புதியவர் பேச, நிறுவனர் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவதுக்கு நிறுவனர் போகவே கூடாது. இதற்கு மட்டும் ஆறு மாதம் பிடிக்கும், அதனால் இப்போதே தொடங்குங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அமைப்பின் இணையதள டொமைன், மின்னஞ்சல் நிர்வாகக் கடவுச்சொல், வங்கியின் ஓடிபி வரும் எண் எல்லாம் நிறுவனரின் சொந்தக் கணக்கிலும் கைபேசியிலும் இருக்கும். புதுப்பிக்கும் தேதி தவறினால் தளமும் மின்னஞ்சலும் ஒரே நாளில் நின்றுபோகும்.

இருவரும் சேர்ந்து வேலை செய்யும் காலம் ஆறு வாரத்தைத் தாண்ட வேண்டாம். அதற்குமேல் போனால், இயக்குநர் மறுத்த விடுப்புக்கு ஊழியர் நிறுவனருக்கு போன் போடுவார். "அதை அவரிடமே கேளுங்கள்" என்று நிறுவனர் சொல்லவேண்டும். "பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் புதியவரின் பதவி அன்றே பெயரளவுக்கு ஆகிவிட்டது.

பதில் 2: வரவுசெலவு

நிதி பற்றி. முதலில் வங்கி இருப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் குறிப்பிட்ட திட்டத்துக்கென்று வந்ததைக் கழியுங்கள், கட்டடம், வாகனம் மாதிரி பணமாக்க முடியாதவற்றைச் சேர்க்காதீர்கள். மிஞ்சுவதை மாதச் செலவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கையிருப்பு மாதங்கள். மூன்று முதல் ஆறு மாதம் இருந்தால் நல்லது. ஒரு மாதம்கூட இல்லையென்றால் திசைமாற்றத்தைப் பேசும் முன் அதைச் சரிசெய்யுங்கள். தலைமை மாறும்போது சில கொடையாளர்கள் அடுத்த தவணையை நிறுத்திவைத்துப் பார்ப்பது வழக்கம்.

கையிருப்பு ஏன் சேர்வதில்லை என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு திட்டத்தின் நேரடிச் செலவு 100 என்று வையுங்கள். அதன் பங்காக வரும் வாடகை, கணக்காளர், தணிக்கை, மேற்பார்வை நேரம் 22. கொடையாளர் நிர்வாகச் செலவுக்குத் தருவது 7. இடைவெளி 15. இப்படி மூன்று திட்டம் எடுத்தால் 45 பள்ளம். திட்டம் கூடக் கூட அமைப்பு வளர்வதுபோலத் தெரியும், உள்ளே வற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சுழலை 2009இல் ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவ்யூ இதழின் கட்டுரை ஒன்று 'பட்டினிச் சுழற்சி' என்றே பெயரிட்டு விளக்கியது. நிர்வாகச் செலவு விகிதத்தை வைத்து மட்டும் ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று 2013இல் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று மதிப்பீட்டு அமைப்புகள் கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின.

வகுப்புக்கு வந்த பணத்தை வேறு வேலைக்குத் தொடவே கூடாது. திருப்பிக் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் தணிக்கையில் நிற்கும். தற்போதைய கொடையாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை, பள்ளியிடம் பேசுவதற்கான பெற்றோர் குழு அமைக்கப் பயன்படுத்தலாமா என்று. வகுப்பின் பலன் நிலைப்பதற்கு அது தேவை என்று காட்டினால் சம்மதிக்க இடமுண்டு.

பதில் 3: வேர்நோக்கு

அறங்காவல் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதை வைத்து முதல் ஆண்டு முழுக்கத் திசைமாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கேள்வி கேட்ட களப்பணியாளர்கள்தான் முதலில் வெளியேறுவார்கள். முதல் ஆண்டில் திட்டத்தை மாற்றவேண்டாம், விசாரணையை மட்டும் தொடங்குங்கள்.

மாலை வகுப்பை மூடாதீர்கள். பெற்றோர் உங்களை நம்புவது அதனால்தான், பள்ளியில் என்ன நடக்கவில்லை என்ற ஆதாரமும் அங்குதான் கிடைக்கும். வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அன்று பள்ளியில் எந்தெந்தப் பாடவேளை நடந்தது என்று தினமும் குறித்துவையுங்கள், மூன்று மாதத்துக்கு. பிள்ளையின் பெயர் அதில் வரக்கூடாது. வந்தால் பள்ளியில் அந்தப் பிள்ளைதான் அடிவாங்கும்.

பிறகு ஒரே ஒரு கோரிக்கை. 'கல்வித்தரம் உயரவேண்டும்' என்பது கோரிக்கை ஆகாது, அதற்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. 'ஆறாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் வேண்டும்' என்றால் பதில் சொல்ல ஓர் அதிகாரி இருக்கிறார். பேசுவது பெற்றோராக இருக்கவேண்டும், உங்கள் ஊழியர் பின்வரிசையில் இருக்கட்டும். உங்கள் பதிவு ஆவணத்தின் நோக்கப் பகுதி இப்படிப்பட்ட வேலையை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், இது நாட்டுக்கு நாடு மாறும்.

அளவிடுவதில் கவனம். பிராக் 1980 முதல் 1990 வரை வீடுவீடாகப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்பு-வெல்லக் கரைசல் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்தே பணியாளருக்கு ஊதியம். தாய்மார் நன்றாகவே நினைவில் வைத்திருந்தார்கள், ஆனால் தொடக்கத்தில் கரைசலைப் பயன்படுத்தியவர்கள் குறைவு. விசாரித்தபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. அதனால் பயிற்சியை மாற்றினார்கள், ஆண்களிடமும் பேசத் தொடங்கினார்கள். நீங்களும் பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு நிற்காமல், அவர்கள் கேட்டதில் எத்தனைக்கு எழுத்தில் பதில் வந்தது என்று எண்ணுங்கள்.

களநிலா

மிக்க நன்றி. ஒன்று மட்டும்: குழுவில் இடமில்லை என்பதை நிறுவனரிடம் யார் சொல்வது?

அறங்காவல்

குழுத் தலைவர், நேரில், தனியாக. அடுத்த இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் புதியவர்தான் தன்னை வெளியேற்றினார் என்று தோன்றும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். 20 ஆண்டு வரலாற்றைப் பதிவுசெய்வது, ஆண்டுக்கு இருமுறை புதிய களப்பணியாளர்களுக்கு வகுப்பெடுப்பது என்று திட்டவட்டமான ஒரு வேலையைத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள். பணம், ஆள், திட்டம் மூன்றிலும் அந்த வேலைக்கு அதிகாரம் இருக்கக்கூடாது.