கொச்சிக்கா (மிளகாய்) இல்லாத கோழிக்கறி, மசாலா போட்டா மருந்து மாதிரி கசக்குது, என்ன பண்ணலாம்?

தலவாக்கலை_மருமகள்:
வணக்கம் எல்லாருக்கும். அப்பாவுக்கு வயித்துப்புண், கொச்சிக்கா சுத்தமா கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை கோழிக்கறி இல்லாம அவருக்கு சோறு எறங்காது. அதனால கறுவா (பட்டை), கராம்பு, ஏலக்காய், சாதிக்காய் எல்லாம் அரைச்சு ஒரு கிலோ கோழிக்கு தேங்காப்பால் ஊத்தி பால்கறியா வச்சேன். கராம்பு மட்டும் பத்துப் பன்னெண்டு இருக்கும். பல்லுவலி தைலம் மாதிரி நாக்கு மரத்துப்போச்சு, பாலும் திரிஞ்சு போச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, ரெண்டு வாய் சாப்ட்டுட்டு ரசத்த ஊத்திக்கிட்டாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.

மாத்தளை_ராணி:
தங்கச்சி, தைலம்னு சரியாத்தான் சொன்னீங்க, பல்லுவலிக்கு வைக்கிற கராம்பு எண்ணெயில இருக்குற யூஜினோல்தான் நாக்க மரக்க வைக்கிறதும். ஒரு கிலோவுக்கு 3 கராம்பு போதும், 4 ஏலக்காய் லேசா தட்டி, விரல் நீளத்துக்கு கறுவா, சாதிக்காய் கத்தி நுனியில எடுக்குற அளவுதான். சாதிக்காய தவிர மத்தத அரைக்காம முழுசா போடுங்க. அப்புறம் கறுவாவ பாத்து வாங்கணும். நம்ம இலங்கைக் கறுவா மெல்லிசா பல அடுக்கா சுருட்டு மாதிரி இருக்கும், கையாலயே நொறுங்கும். தடியா ஒத்தப் பட்டையா மரத்துண்டு மாதிரி இருந்தா அது கேசியாங்கிற வேற வகைப் பட்டை, கடுப்பா இருக்கும்.

பண்டாரவளை_அடுப்படி:
அக்கா சொன்னதோட நான் ஒண்ணு சேக்குறேன், கறுவாயில இனிப்பு கெடையாது, வாசந்தான் இனிக்கிற மாதிரி, நெசமான இனிப்பு வெங்காயத்துலதான் வரணும். தேங்காண்ணெய் ஊத்தி அடுப்ப கொறச்சு மசாலாவ போடுங்க, கறுவாவ சுத்தி பொடிப்பொடியா நுரை வரும், ஏலக்காய் உப்பும், அந்த நேரம் 3 பெரிய வெங்காயத்த மெல்லிசா வெட்டிப் போட்டு ரம்பை இலை, கருவேப்பிலையோட பொன்னெறமா வர்ற வரைக்கும் பொறுமையா வதக்கணும், இருபது நிமிஷம்கூட ஆகும், அவசரப்பட்டீங்கன்னா கறி சப்புன்னுதான் இருக்கும். இந்த வாசமெல்லாம் எண்ணெயிலதான் நல்லா எறங்கும், தண்ணியில அவ்வளவா எறங்காது. பெருஞ்சீரகம் ஒரு தேக்கரண்டி வறுத்து இடிச்சு கோழியோட போடுங்க. ரெண்டாம் பால்ல வேக வச்சு, முதல் பால கடைசில ஊத்தி, ஓரத்துல நுரை கட்டினதும் எறக்கிருங்க, கொதிக்க விட்டா திரியும்.

நுவரெலியா_குளிரு:
நம்ம மலையில இன்னொரு விஷயம் இருக்கு. கடல் மட்டத்துல தண்ணி 100 டிகிரில கொதிக்கும், நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், இங்க 94 கிட்டயே கொதிச்சிரும், அதனாலதான் கறி வேக நேரமாகுது. வேகலன்னு நெருப்ப கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணிதான் வத்தி அடி புடிக்கும், கசப்பு அங்கயும் வரும். மூடி போட்டு சின்னத் தீயில விடுங்க. ஊர்க்கோழின்னா ஒன்றரை மணி நேரம் ஆகலாம்.

தலவாக்கலை_மருமகள்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும்! டப்பாவ தொறந்து பாத்தேன், ஒத்தப் பட்டைதான், தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குனேன். நேத்து வெங்காயம் வதங்கும்போதே அப்பா அடுப்படிக்கு வந்து நின்னுட்டாரு. எலும்ப கடிச்சுக்கிட்டே "கோழிய வேற கடையிலயா வாங்குன"ன்னு கேட்டாரு. ராத்திரி மிச்சக் குழம்புல பாண் (ரொட்டி) தொட்டு சட்டியவே தொடைச்சு வச்சிட்டாரு.