புதுப்பிப்பு: கம்பியை எங்கே தட்டுவது?

ஒரு முனையில் தொங்கும் சீரான கம்பியை எங்கே தட்டினால் தாங்குபுள்ளி (கம்பி மாட்டியிருக்கும் இடம்) உதறாது என்று முன்பு கேட்டிருந்தேன். விடை: மேலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 1 மீட்டர் கம்பிக்கு 66.7 செ.மீ.

காரணம் இதுதான். தாங்குபுள்ளி பக்கவாட்டில் தள்ளாவிட்டால், நிறை மையத்தின் உந்தமும் (நிறை × வேகம்) தாங்குபுள்ளியைச் சுற்றிய கோண உந்தமும் (சுழற்சிக்கான உந்தம்) நம் தட்டலிலிருந்து மட்டுமே வரவேண்டும். முதலாவது தட்டலின் அளவு; இரண்டாவது அதையே தாங்குபுள்ளியிலிருந்து தட்டும் தூரத்தால் பெருக்கியது. எனவே இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அந்தத் தூரம் கிடைத்துவிடும்.

கம்பி சீராக இல்லையா? எனக்குப் பிடித்த வழி கணக்கே கேட்காது. கம்பியை லேசாக ஆடவிட்டு, பக்கத்தில் சிறு குண்டு கட்டிய நூல் ஊசலை அதே அலைவுநேரம் (ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரம்) வரும்வரை நீட்டிக் குறையுங்கள். அந்த ஊசலின் நீளமே தட்டவேண்டிய தூரம்.

அப்புறம், எடையைத் தாங்கும் விசை எப்போதும் இருக்கும். பூஜ்யமாவது தட்டலால் வரும் கிடைமட்ட எதிர்விசை மட்டும்.