‘தாத்தா வீடு’ குழுவில் ஜெனியின் மார்ஷ்மெல்லோ

சனிக்கிழமை

காலை 6:42
பிரின்சி: எல்லோருக்கும் காலை வணக்கம். அடுத்த ஞாயிறு கிறிஸ்து அரசர் திருநாள், ஜெனிக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்குகிறாள். எல்லோருக்கும் நினைவு இருக்கும். கேக் மேலே கரகரப்பான குட்டி மார்ஷ்மெல்லோ போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு வந்தபோது டெனிஸ் அத்தான் ஒரு டப்பா கொண்டுவந்தாரே, அது மாதிரி. இங்கே கடையில் கிடைப்பது எல்லாம் மெத்தென்று இருக்கிறது. பெரியம்மா, அதை வாங்கி நம் வீட்டு ஓடிஜி மின் அடுப்பில் காயவைத்தால் மொறுமொறுப்பாகுமா?

காலை 6:50
அந்தோணி: 🙏 காலை வணக்கம்

காலை 6:51
அந்தோணி: பிரியாணி எத்தனை பேருக்கு? மாஸ்டர் கேட்கிறார்

காலை 6:58
டெனிஸ்: அது காலை உணவு சீரியலில் வருவது. லக்கி சார்ம்ஸ். 1964ல் ஜெனரல் மில்ஸ் கொண்டுவந்தது. அங்கே வேலை பார்த்த ஜான் ஹோலஹன் என்பவர் சர்க்கஸ் பீனட்ஸ் என்ற மார்ஷ்மெல்லோ மிட்டாயை நறுக்கி அவர்களுடைய சீரியோஸ் என்ற சீரியலில் கலந்து பார்த்தாராம். அதில் பிறந்த யோசனை. அந்தக் குட்டித் துண்டுக்கு ‘மார்பிட்’ என்று பெயர். அனுப்பி வைக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்குள் வந்து சேராது பிரின்சி.

காலை 7:03
ஜெயா: அமெரிக்கா மிட்டாய் எதற்கு. பிள்ளைக்குப் பல் இப்போதுதான் முளைத்திருக்கிறது

காலை 7:20
ஸ்டெல்லா: பிரின்சி, ஆகும். நீ பயப்படாதே. ஆனால் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள். இது சுடுவது இல்லை, உலர்த்துவது. முட்டை வெள்ளைக் கருவும் முந்திரியும் போட்டுச் செய்கிற நம் ஊர் மக்ரூனும் அப்படித்தான். பேக்கரியில் சாயங்காலம் பன், ரொட்டி எல்லாம் எடுத்து முடித்த பிறகு அப்பா விறகுத் தணலை வாரி வெளியே தள்ளிவிடுவார். அடுப்பு தானாக ஆறிக்கொண்டே வரும். அந்த ஆறுகிற சூட்டில்தான் மக்ரூன் தட்டு உள்ளே போகும். கையை அடுப்பு வாய்க்குள் நீட்டி ‘அருள் நிறைந்த மரியே’ முழுவதும் சொல்லி முடிக்கிற வரை பொறுக்க முடிந்தால் சூடு சரி. பாதியில் கையை இழுத்துக்கொண்டால் இன்னும் ஆற வேண்டும். ராத்திரி முழுக்க உள்ளேயே கிடக்கும். காலையில் எடுத்துத் தட்டினால் முட்டை ஓடு தட்டின சத்தம் வரும். வெள்ளை நிறம் மட்டும் மாறக் கூடாது. மாறினால் சூடு அதிகம் என்று அப்பா அன்றைக்கு யாரோடும் பேசமாட்டார்.

காலை 7:22
ஸ்டெல்லா: மார்ஷ்மெல்லோவுக்கும் அதே கணக்கு. 80லிருந்து 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உன் ஓடிஜியில் குறைந்தது எத்தனை?

காலை 7:31
பிரின்சி: 100 பெரியம்மா. அதற்குக் கீழே முள் போகாது

காலை 7:34
ஸ்டெல்லா: அப்படியானால் கதவை முழுவதும் மூடாதே. ஒரு மர அகப்பையை இடையில் வைத்துவிடு. சூடும் குறையும், உள்ளே கிளம்புகிற ஈரமும் வெளியே போகும்.

காலை 7:40
லீமா: மதினி, வெயிலில் காயவைக்கக் கூடாதா? வடகம் மாதிரி. மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது

காலை 7:41
அந்தோணி: எறும்பு

காலை 7:41
ரோஷன்: காக்கா

காலை 7:52
ஸ்டெல்லா: எறும்பு ஒரு பக்கம். மார்ஷ்மெல்லோவைப் பிடித்து வைத்திருக்கிற ஜெலட்டின் 35 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். சர்க்கரைப் பண்டம் காற்றில் இருக்கிற ஈரத்தை வேறு இழுக்கும். இது ஐப்பசி கார்த்திகை மழைக்காலம், நமக்குக் கடல் காற்று. வடகம் வேறு, இது வேறு லீமா.

காலை 8:15
அந்தோணி: மார்ஷ்மெல்லோ என்பது உண்மையில் ஒரு செடியின் பெயர். நம் சித்த வைத்தியத்தில் சீமைத்துத்தி. அதன் வேரில் வருகிற வழவழப்பை வைத்துத்தான் அந்தக் காலத்தில் இந்த மிட்டாய் செய்தார்கள். இப்போது செடியும் இல்லை, வேரும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். வெண்டைக்காயும் அதே குடும்பம்தான்

காலை 8:17
ஜெயா: துத்திக்கீரை மூலத்துக்கு நல்லது அண்ணே. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

காலை 8:18
அந்தோணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

காலை 8:19
லீமா: சாப்பிடுவதில்லை ஜெயா. நீயாவது சொல்

காலை 8:25
பிரின்சி: மாமா, பிரியாணி 120 பேருக்குச் சொல்லிவிடுங்கள். இவர் வீட்டுப் பக்கம் எத்தனை பேர் என்று இன்று கேட்டுச் சொல்கிறேன்

காலை 8:26
அருள்: 👍

காலை 11:10
பிரின்சி: 📷 படம்
பெரியம்மா, இந்த பாக்கெட் வாங்கிவிட்டேன்

காலை 11:14
லீமா: பின்பக்கம் பழுப்பு முக்கோணம் போட்டிருக்கிறதே. அசைவம் பிள்ளை இது. எதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் சுத்த சைவம். மேல் மாடியிலும் சாப்பிட மாட்டார்கள், அது மாட்டு ஜெலட்டினா பன்றி ஜெலட்டினா என்று பாக்கெட்டில் போடவே இல்லை. கேக் மேலே போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகள் கேக்கையும் தொட முடியாது

காலை 11:15
பிரின்சி: ஐயோ. யோசிக்கவே இல்லை அத்தை

காலை 11:30
ரோஷன்: சென்னையில் பச்சைப் புள்ளி போட்ட சைவ மார்ஷ்மெல்லோ கிடைக்கிறது அக்கா. கடல்பாசியில் இருந்து எடுக்கிற கேராஜீனன் சேர்த்தது. வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் வருகிறேன், வாங்கி வரவா?

காலை 11:32
அந்தோணி: பாசி என்றால் நம் கடல்தான். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுப்பார்களே, மரிக்கொழுந்துப் பாசி. ஜெல்லி செய்கிற அகர் அகர் அதிலிருந்துதான். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனபோது கண்ணால் பார்த்திருக்கிறேன். வயசான பாட்டிகள் கூட

காலை 11:40
ஸ்டெல்லா: தம்பி சொல்வது உண்மை. ரோஷன், நீ இரண்டு பாக்கெட் வாங்கி வா. ஆனால் அது சூட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று எனக்குப் பழக்கம் இல்லை, வந்ததும் முதலில் பத்துத் துண்டு மட்டும் போட்டுப் பார்ப்போம். பிரின்சி, அதுவரை வாங்கினதை வைத்துக் கைப் பழக்கம் பண்ணிக்கொள். கத்தரிக்கோலை கார்ன்ஃப்ளவர் மாவில் தொட்டுத் தொட்டுக் கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டு. அதைவிடப் பெரிதாக வெட்டினால் வெளியே காய்ந்து நடுவில் ரப்பராக நிற்கும். வெட்டினதும் மாவில் புரட்டிச் சலித்துவிடு. ஒன்றோடு ஒன்று தொடாமல் பரப்பு.

காலை 11:41
ஜெயா: அக்கா, எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டால் நான் எதற்கு இங்கே பக்கத்தில் இருக்கிறேன்

காலை 11:43
ஸ்டெல்லா: நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள் ஜெயா. அதற்குத்தான் நீ.

ஞாயிற்றுக்கிழமை

மதியம் 2:05
பிரின்சி: 📷 படம்
பெரியம்மா 😭

மதியம் 2:06
டெனிஸ்: இது என்ன, அப்பளமா?

மதியம் 2:09
ஸ்டெல்லா: கதவை மூடிவிட்டாய்.

மதியம் 2:10
பிரின்சி: அம்மாதான் ‘கரண்டு வீணாகிறது’ என்று மூடினார்கள். பத்து நிமிடத்தில் புஸ்ஸென்று உப்பியது, அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஓரம் எல்லாம் பழுப்பு

மதியம் 2:12
ஜெயா: திறந்து போட்டு அடுப்பு எரிக்கிறதை நான் எங்கேயும் பார்த்ததில்லை

மதியம் 2:30
ஸ்டெல்லா: பரவாயில்லை, இதில் இருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிற காற்று சூட்டில் பெருகும், அதுதான் உப்பல். அந்த நேரம் ஜெலட்டின் இளகிக் கிடக்கிறது, காற்றைப் பிடித்து வைக்கத் தெம்பு இல்லை. அதனால் அமுங்கிவிடுகிறது. மெதுவாகப் போனால் இளகினாலும் உடையாது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போகும். கதவில் அகப்பை வை. இரண்டரை மணி நேரம். நடுவில் தட்டை ஒரு தடவை திருப்பி வை, ஓடிஜியில் பின்பக்கம் சூடு அதிகம். இன்னொன்று, சூடாக இருக்கும்போது அமுக்கிப் பார்த்து ‘இன்னும் ஆகவில்லை’ என்று நேரத்தைக் கூட்டாதே. சூட்டில் எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டுக் கடித்துப் பார். மக்ரூனிலும் இந்த இடத்தில்தான் புது ஆட்கள் தவறுவார்கள்.

மாலை 5:48
பிரின்சி: 🎤 குரல் பதிவு (0:07)

மாலை 5:49
லீமா: மொறுக் மொறுக் என்று கேட்கிறது!!

மாலை 5:49
ரோஷன்: வாழ்த்துகள் அக்கா 🎉

மாலை 5:50
பிரின்சி: ஜெனி கடிக்கிற சத்தம். அப்படியே டெனிஸ் அத்தான் டப்பா மாதிரி இருக்கிறதாம். வெளியே பால் வெள்ளை, உடைத்தால் உள்ளே சின்னச் சின்னதாகத் தேன்கூடு மாதிரி ஓட்டை

மாலை 5:52
ஸ்டெல்லா: அதுதான் பதம். மாதாவுக்கு நன்றி. ஆறினதும் உடனே டின்னில் போடு. உடனே.

இரவு 8:20
பிரின்சி: பெரியம்மா, படம் எடுக்க மேசை மேலே வைத்திருந்தேன். மழை பிடித்துவிட்டது. இப்போது தொட்டால் விரலில் ஒட்டுகிறது

இரவு 8:24
ஸ்டெல்லா: நான் ‘உடனே’ என்று இரண்டு தடவை எழுதினேன் அம்மா.

இரவு 8:25
ஸ்டெல்லா: அழாதே. திரும்ப அரை மணி நேரம் அதே சூட்டில் வை, சரியாகிவிடும். அப்புறம் இறுக்கமான மூடி உள்ள டின். அடியில் கொஞ்சம் அரிசியை வறுத்து ஆறவிட்டுத் துணியில் முடிந்து போடு. செருப்புப் பெட்டியில் வருகிற பொட்டலத்தை எல்லாம் எடுத்துப் போடாதே. கேக் மேலே வைப்பது கடைசி வேலை. கிரீமில் பட்டால் நனைந்துவிடும். ஜெனி கத்தியைக் கையில் எடுக்கிற நேரத்தில் தூவினால் போதும்.

இரவு 8:40
ஜெயா: டின் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. அப்பாவின் பெரிய மக்ரூன் டின் யாரிடம்?

இரவு 8:44
அந்தோணி: டின் துருப்பிடித்துப் போனது. எறிந்துவிட்டேன்

இரவு 8:45
ஸ்டெல்லா: டின் போகட்டும். செம்புச் சட்டி?

இரவு 8:46
ரோஷன்: அம்மா, இப்போது வேண்டாம்

இரவு 8:51
ஸ்டெல்லா: கேட்பதில் தவறு இல்லை. அப்பா முட்டை வெள்ளைக் கருவை அதில்தான் அடிப்பார். செம்பில் அடித்தால் நுரை எளிதில் உடையாது, அடித்து முடித்துக் கவிழ்த்தாலும் விழாது. 11 வருஷமாக நான் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் கேட்கவும் இல்லை.

இரவு 8:52
அந்தோணி: அக்கா

இரவு 9:03
லீமா: மதினி, யார் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. சட்டி பரண் மேலே இருக்கிறது. மாமாவின் வேட்டியில் சுற்றி நான்தான் வைத்தேன். களிம்பு ஏறியிருக்கும் என்று வெளியே எடுக்கக் கூச்சம். ஈயம் பூசிக் கொண்டுவந்து தரலாம் என்று நினைத்தே நாள் போய்விட்டது

இரவு 9:10
ஸ்டெல்லா: லீமா

இரவு 9:11
ஸ்டெல்லா: ஈயம் பூச வேண்டாம். பூசினால் வெள்ளைக் கரு செம்பில் படாது. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். அப்பா அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தேய்ப்பார்.

இரவு 9:12
லீமா: நாளைக்குக் காலையில் இவரை ஏணி போடச் சொல்கிறேன் மதினி

இரவு 9:13
அந்தோணி: முழங்கால் வலி

இரவு 9:13
லீமா: ஏறுவார்

இரவு 9:20
டெனிஸ்: அத்தை, அப்படியானால் மக்ரூனும் உண்டா?

இரவு 9:26
ஸ்டெல்லா: பெரியவர்களுக்கு மக்ரூன் போடலாம். மூன்று வெள்ளைக் கரு, 200 கிராம் சர்க்கரை, 150 கிராம் முந்திரி. முந்திரியைக் கொரகொரப்பாக உடைக்க வேண்டும், மாவானால் எண்ணெய் விட்டு நுரை அமுங்கிவிடும். முட்டை என்பதால் எதிர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது. தட்டைத் தனியாக வைக்க வேண்டும்.

இரவு 9:27
ஜெயா: கேக்கிலும் முட்டை இருக்கிறதே

இரவு 9:28
பிரின்சி: 🤦‍♀️

இரவு 9:30
பிரின்சி: முட்டை இல்லாத கேக் சொன்னால் ஞாயிற்றுக்குள் தருவார்களா என்று காலையில் கேட்கிறேன்

இரவு 9:34
அந்தோணி: மண்டபத்துக்கு மீதிப் பணம் யார் கட்டினார்கள்? நான் கட்டவில்லை

இரவு 9:35
அருள்: நானும் கட்டவில்லை மாமா

இரவு 9:50
ரோஷன்: பச்சைப் புள்ளி பாக்கெட் இரண்டா மூன்றா? யாராவது முடிவாகச் சொல்லுங்கள்

இரவு 10:02
ஸ்டெல்லா: மூன்று. பிரின்சி, தட்டு உள்ளேதானே இருக்கிறது? அரை மணி ஆகிவிட்டால் அணைத்துவிட்டு அப்படியே விடு. திறந்து திறந்து பார்க்காதே, காலையில் எடு.

இரவு 10:04
பிரின்சி: அணைத்துவிட்டேன் பெரியம்மா

இரவு 10:05
ஜெயா: அகப்பையை எடுத்துவிட்டேன். கரப்பான் போகும்