பைக் ஜிபிஎஸ்: கிரவல் ரோட்டில் அணைகிறது, ஹெட்லைற் போட்டால் செய்மதி போகிறது. உதவி தேவை

கேள்வி: ஒட்டுசுட்டான்

எல்லாருக்கும் வணக்கம். மாடுகளுக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்தும் வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டு, சில நாட்களில் மாங்குளம் தாண்டியும் போகவேண்டி வரும். "மாடு கத்துது, வாங்கோ" என்று விடியவே போன் வரும். காலையில் கத்தத் தொடங்கினால் பின்னேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறவிட்டால் அந்த வீட்டுக்காரர் இன்னும் மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். வீடுகளும் ரோட்டோரத்தில் இல்லை. குளக்கட்டால் இறங்கி, வாய்க்கால் தாண்டி, பற்றைக்குள்ளால் போகவேண்டும். அதனால் ஒவ்வொரு வீட்டையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறேன்.

கருவி பழைய கார்மின் சூமோ, மினி யூஎஸ்பி வாய். கனடாவிலிருந்து மச்சான் வந்தபோது தந்துவிட்டுப் போனார். அதில் அமெரிக்கா, கனடா வரைபடம்தான் இருந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து செய்த இலங்கை வரைபடத்தை மெமரி கார்ட்டில் போட்டாயிற்று, அதில் குறை இல்லை. பைக் 100 சிசி, கிக்கர் மட்டும். ஒரு கராச்சில் யூஎஸ்பி சார்ஜர் பூட்டித் தந்தார்கள். அதே நேரம் ஹெட்லைற்றுக்கு எல்ஈடி பல்பும் போட்டார்கள்.

இப்போது நடப்பது இதுதான். கிரவலில் மெதுவாகப் போகும்போது வெளி மின்சாரம் போய்விட்டது என்று சொல்லி, நொடி எண்ணி, கருவி அணையப் பார்க்கிறது. பிறகு மின்சாரம் வந்தால் சிலவேளை வரைபடத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் படம் வந்து நிற்கிறது. பொழுதுபட்டு லைற் போட்டால் செய்மதி எல்லாம் போய்விடுகிறது, வீட்டு முற்றத்தில் வைத்தால் மட்டும் உடனே பிடிக்கிறது. இது போதாதென்று, ஒரு சின்னக் குளத்தின் கட்டால்தான் போகச்சொல்லி ஒவ்வொரு முறையும் இழுக்கிறது. மாரியில் குளம் நிரம்பி வான் பாயும் இடம் அது, பைக் போகாது.

கருவி பழுதா? வேறு வாங்கக் காசு இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: கிளிநொச்சி

அண்ணை, இதுக்குத் தனிக் கருவி வேணுமா? போனில் வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. ஓர்கானிக் மேப்ஸ் இலவசம்.

ஒட்டுசுட்டான்

அது போனிலும் இருக்கிறது தம்பி. ஆனால் வீட்டுக்காரர் எடுப்பதும் அந்தப் போனுக்குத்தான். மழைத்துளி விழுந்தால் திரை தன் பாட்டில் ஓடும். விந்து வைத்திருக்கும் நைதரசன் கானையும் கட்டிக்கொண்டு ஓடும்போது நின்று நின்று போனைத் துடைக்க முடியாது.

மறுமொழி: பரந்தன்

போனைக் கைபிடியில் பூட்டுவதில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் பலத்த அதிர்வு ஐபோன் கமராவின் செயற்பாட்டைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்ரெம்பரில் சொன்னது. பூட்டுவதென்றால் அதிர்வு தாங்கும் றப்பர் வைத்த பிடி வேண்டும். அண்ணைக்கு அந்தக் கருவிதான் சரி.

மறுமொழி: வவுனியா, வாகன வயரிங்

தம்பி, கருவியைப் பழுதென்று சொல்லுமுன் மின்சாரத்தைப் பிரித்துப் பார்ப்போம். மூன்று விசயம் செய்து பார்த்து எழுதுங்கள்.

சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு, கருவியின் சொந்த பற்றரியில் ஓடிப்பாருங்கள். அப்போதும் செய்மதி போகிறதா?

எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல், திறப்பை மட்டும் போட்டு ஹெட்லைற் சுவிச்சைப் போடுங்கள். எரிகிறதா?

சார்ஜரின் இரண்டு வயரும் எங்கே போகின்றன என்று ராங்கியைக் கழற்றி, அல்லது ஹெட்லைற் கூட்டைத் திறந்து பாருங்கள். கராச்காரர் சொன்னதை எழுதவேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான்

பார்த்தேன் அண்ணை. சொந்த பற்றரியில் நெடுங்கேணி மட்டும் போய்வந்தேன், ஒரு இடத்திலும் அணையவில்லை, செய்மதியும் போகவில்லை. எஞ்சின் இல்லாமல் ஹெட்லைற் எரியவே இல்லை. சார்ஜரின் சிவப்பு வயர் ஹெட்லைற் வயரோடு முறுக்கி ரேப் சுற்றியிருக்கிறது. கறுப்பு, கூட்டில் உள்ள ஆணியில்.

மறுமொழி: வவுனியா, வாகன வயரிங்

சரி, விசயம் பிடிபட்டுவிட்டது. கருவி நல்ல கருவி. வயரைக் கொடுத்த இடம்தான் பிழை.

இப்படியான சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றரியில் எரிவதில்லை. எஞ்சினுக்குள் சுற்றும் காந்தத்தின் கொயிலில் இருந்து ஆடலோட்டமாகவே, ஏசி கரண்டாக நேரே வருகிறது. எஞ்சின் இல்லாமல் லைற் எரியாததற்குக் காரணம் அதுதான். அக்சிலேற்றரை முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும், நீங்களும் கண்டிருப்பீர்கள். யூஎஸ்பி சார்ஜர் நேரோட்டத்துக்கு, டிசி கரண்டுக்குச் செய்தது. அதற்கு அந்த வயரில் இருந்து விட்டுவிட்டுத்தான் சாப்பாடு போகிறது. கிரவலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது சார்ஜர் கொடுக்கும் 5 வோல்ற் விழுந்துவிடும், கருவி வெளி மின்சாரம் போனதென்று சொல்லும். அது சொல்வது முழு உண்மை.

செய்மதி போவதற்கும் இதே இடத்தில்தான் காரணம். ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன, இங்கே வந்து சேரும் அலை மிக மிகப் பலவீனமானது. மலிவான சார்ஜருக்குள்ளும் எல்ஈடி பல்பின் டிரைவருக்குள்ளும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தரம் வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்று இருக்கிறது. அதற்கு நல்ல வடிகட்டி இல்லாவிட்டால் இரைச்சல் வெளியே கசியும். ஏசி கரண்டைக் கொடுத்தால் அது இன்னும் மோசமாகும். உங்கள் கருவி ஹெட்லைற்றுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி அலறும்போது காதுக்குள் சொல்லும் இரகசியம் கேட்குமா? செய்மதிப் பட்டைகள் தெரியும் பக்கத்தைத் திறந்து வைத்து, எஞ்சின் ஓட, லைற்றைப் போட்டும் அணைத்தும், சார்ஜரைச் செருகியும் கழற்றியும் பாருங்கள். எதைச் செய்யும்போது பட்டைகள் விழுகின்றன என்று கண்ணாலேயே காணலாம்.

செய்யவேண்டியது: சிவப்பை ஹெட்லைற்றில் இருந்து கழற்றுங்கள். பற்றரியின் பொசிற்றிவில் இருந்து புது வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ், பிறகு ஒரு 12 வோல்ற் றிலே (திறப்பைப் போட்டால் மட்டும் மின்சாரத்தை விடும் சுவிச்சு), பிறகு சார்ஜர். றிலேயை இழுக்கும் வயரை பிறேக் லைற் சுவிச்சுக்கு வரும் வயரில் இருந்து எடுங்கள். உங்கள் மாதிரி பைக்கில் பிறேக் லைற்றும் ஹோர்னும் பற்றரியில்தான் ஓடும். திறப்பைப் போட்டதும் அந்த வயரில் 12 வோல்ற் வருகிறதா என்று மீற்றர் வைத்து உறுதிப்படுத்திவிட்டுத் தொடுங்கள். கறுப்பு வயர் நேரே பற்றரியின் நெகற்றிவுக்கு, கூட்டு ஆணிக்கு வேண்டாம்.

றிலே எதற்கென்றால், கிக்கர் பைக்கின் பற்றரி பெரும்பாலும் 2.5 அம்பியர்-மணிதான். கருவி இழுப்பது அரை அம்பியர் அளவு என்று வைத்தாலும், திறப்பை எடுத்தபின் அணையாமல் இருந்தால் ஐந்து மணித்தியாலத்தில் பற்றரி படுத்துவிடும்.

எஞ்சினை ஓடவிட்டு, சற்று முறுக்கி, பற்றரியில் மீற்றர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ற் வரை நின்றால் நல்லது. 15 தாண்டினால் வோல்ற்றை மட்டுப்படுத்தும் ரெகுலேற்றரை மாற்றாமல் எதையும் பூட்டவேண்டாம், கருவியைக் கொன்றுவிடும்.

கம்ப்யூட்டர் படம் தனி விசயம். மினி யூஎஸ்பி முனையில் ஐந்து ஊசிகள். கார்மினின் வாகன வயரில் நாலாவது ஊசிக்கு ஒரு தடை வைத்திருப்பார்கள், அதைக் கண்டுதான் கருவி "இது மின்சாரம் மட்டும்" என்று எடுத்துக்கொள்ளும். சாதாரண டேற்றா வயரில் அது இல்லை. அதனால் மின்சாரம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் செருகியதாக நினைக்கிறது. கார்மினின் வாகன வயர் ஒன்று தேடி வாங்குங்கள். வாங்கும்போது அதன் மறுமுனைக்கு 5 வோல்ற் கேட்கிறதா, 12 வோல்ற் கேட்கிறதா என்று எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். மாறிப்போனால் புகைதான்.

மறுமொழி: முழங்காவில்

வயரிங் அண்ணை சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் வழியைப் பற்றி எழுதுகிறேன். பூநகரி, முழங்காவில் பக்கத்து ஒழுங்கைகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து வருகிறேன்.

தம்பி, உங்கள் கருவியில் வழிக்கணிப்பு "குறைந்த தூரம்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "குறைந்த நேரம்" ஆக்குங்கள். குறைந்த தூரம் என்றால் குளக்கட்டு, வண்டிப்பாதை எல்லாம் அதற்கு நல்ல ரோட்டுத்தான். ஆனால் "மண் ரோட்டைத் தவிர்" என்பதைப் போட்டுவிடாதீர்கள். இங்கே உள் ஊர் எல்லாம் கிரவல். அதைப் போட்டால் நெடுங்கேணிக்குப் பக்கத்து வீட்டுக்குக்கூட ஏ34-ஆல் மாங்குளம் ஏறி, ஏ9-ஆல் புளியங்குளம் இறங்கிச் சுற்றிவா என்று சொல்லும்.

அடிக்கடி போகும் வீடுகளுக்கு, ரோட்டால் திரும்பும் சந்தியையும் ஒரு புள்ளியாகக் குறித்து, அதை இடைநிறுத்தமாகப் போட்டு வழி கேளுங்கள். ஒருமுறை சரியான பாதையால் போய்வந்த தடத்தையும் கருவியில் சேமியுங்கள். தடம் நீங்கள் உருண்ட பாதையை அப்படியே காட்டும், அதன் சொந்த யோசனை எதுவும் இருக்காது.

வீட்டுக்காரரின் பிள்ளைகள் வாட்ஸப்பில் இடத்தை அனுப்பினால் கவனம். அது 9.25 என்பது போலத் தசமத்தில் வரும். கருவி பாகை, நிமிடத்தில் இருந்தால் 9 பாகை 25 நிமிடம் என்று அடித்துவிடுவோம். 9.25 பாகை என்பது 9 பாகை 15 நிமிடம். அந்த 10 நிமிட வித்தியாசம் நிலத்தில் பதினெட்டரைக் கிலோமீற்றர். கருவியின் அமைப்பில் தசமப் பாகைக்கு மாற்றிவிடுங்கள், அதோடு இந்தத் தொல்லை ஒழிந்தது.

ஒன்று கட்டாயம் சொல்லவேண்டும். வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் உண்டு. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் கருவி என்ன சொன்னாலும் வந்த தடத்தாலேயே திரும்புங்கள். பொழுதுபட்டால் யானையும் உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல.

மறுமொழி: மல்லாவி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடமும் பழைய கருவி ஒன்று இருக்கிறது. இடம் சரியாகக் காட்டுகிறது, திகதி மட்டும் ஏறத்தாழ இருபது வருடம் பின்னால் நிற்கிறது. திருத்தினாலும் திரும்ப அங்கேயே போகிறது.

மறுமொழி: வவுனியா, வாகன வயரிங்

அது பழுது இல்லை ஐயா. ஜிபிஎஸ் செய்மதிகள் கிழமையை 0 முதல் 1023 வரை எண்ணி மறுபடி 0-க்கு வரும். 1999 ஓகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரல் 6 முடிந்த நள்ளிரவில் மறுமுறை அப்படித் திரும்பின. 1024 கிழமை என்பது பத்தொன்பதரை வருடத்துக்குச் சற்று மேல். உங்கள் கருவியின் மென்பொருள் பழைய சுற்றிலேயே எண்ணுகிறது. தயாரிப்பாளரின் புதுப்பிப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் திகதியை மறந்துவிட்டு வழிக்கு மட்டும் பாவியுங்கள்.

ஒட்டுசுட்டான்

அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. றிலே பூட்டியாயிற்று. முறுக்கும்போது பற்றரியில் 14.1 நிற்கிறது. கிரவலில் அணையவில்லை. இரவில் லைற் போட்டால் பட்டைகள் கொஞ்சம் இறங்குகின்றன, ஆனால் இடம் போகவில்லை. பழைய மஞ்சள் பல்பைத் திரும்பப் போட்டால் இறங்குவதே இல்லை.

புதிதாக ஒன்று: மத்தியானம் மாங்குளம் ரோட்டில் போகும்போது சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. வயர் எல்லாம் சரியாக இருக்கிறது.

மறுமொழி: வவுனியா, வாகன வயரிங்

அந்த எல்ஈடியைக் கழற்றி வைத்துவிடுங்கள், ஏசி கரண்டுக்கு மஞ்சள் பல்புதான் பொருத்தம். சார்ஜ் நிற்பது சூட்டினால். லித்தியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது என்பதால் கருவியே தடுக்கிறது. கோடை வெயிலில் கறுப்புக் கூடு அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். வழி காட்டுவது நிற்காது. பைக்கை நிறுத்தும்போது தொட்டிலில் இருந்து கழற்றிச் சட்டைப்பையிலோ நிழலிலோ வையுங்கள். மாரிக்கு முன் யூஎஸ்பி வாயின் றப்பர் மூடியைப் பாருங்கள். வயர் செருகி மூடி திறந்திருக்கும்போது கருவிக்கு நீர் காப்பு இல்லை. வயர் நுழையும் இடத்தைச் சுற்றி சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டினால் தூவானம் போகாது.

மறுமொழி: முழங்காவில்

அந்தக் குளக்கட்டின் இரண்டு முனைகளையும், வான் பாயும் இடத்தையும் குறித்து அனுப்புங்கள் தம்பி, பைக் போகாது என்று வரைபடத்தில் பதிகிறேன். ஆனால் உங்கள் கார்ட்டில் இருக்கும் படம் தானாக மாறாது. கொஞ்ச நாள் பொறுத்து இலங்கைக் கோப்பைப் புதிதாக இறக்கி, பழையதன் இடத்தில் அதே பெயரில் போடவேண்டும். அதற்கு முன் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி, ஜிபிஎக்ஸ் என்ற கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். நீங்கள் குறித்த வீடுகள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய டேற்றா வயர் தேவைப்படும், எறிந்துவிடாதீர்கள்.

ஒட்டுசுட்டான்

புள்ளிகளை நாளைக்குப் போகும்போது எடுத்து அனுப்புகிறேன் அக்கா. வான் பாயும் இடத்துக்குக் கிழக்கால் இன்னொரு ஒழுங்கையும் இருக்கிறது, அது வரைபடத்திலேயே இல்லை. அதன் தடத்தையும் சேர்த்து அனுப்பட்டுமா?

மறுமொழி: முழங்காவில்

கட்டாயம் அனுப்புங்கள். மாரியிலும் பைக் போகுமா, உழவு மெசின் மட்டும்தான் போகுமா என்பதையும் எழுதுங்கள். அதை வைத்துத்தான் என்ன வகைப் பாதை என்று பதியலாம்.